மாடிப்படியில் கொட்டிய மணல்

கடல் கடந்து கொலுவிருக்கும் என் செல்ல மகாராணிக்கு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் இங்கே சுகம், அதிலும் நான் அளவுக்கு மீறிய சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன தடவை நீ வந்தபோது, கடைக்கு ஏறும் மாடிப்படியில் நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நீ, நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க தனியா ஏறலன்னா தையல் கடைய வித்துடலாம் சித்தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை (குறட்டை விட்டது யாரென்று சித்தியிடம் கேட்காதே).

பிசியோதெரபி டாக்டரம்மா என் தொடையை அமுக்கிப் பார்த்து, வயசானா தசை கரையத்தான் செய்யும், உட்கார்ந்தே இருந்தா இன்னும் சீக்கிரம் கரையும், விடாம வேலை குடுத்தா இந்த வயசுலயும் தேறும் என்றார். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகினேன், முதல் நாள் நான் போட்ட முனகலில் காக்கைகள் ஊரையே காலி செய்தன. அப்புறம் காலில் சின்ன மணல் பை கட்டிப் படியேறச் சொன்னார். ஊருக்கே தைக்கிற கை அல்லவா, பையை நானே தைத்தேன், ஆனால் அவசரத்தில் வாயைத் தற்காலிக ஓட்டுத் தையலில் மூடிவிட்டேன். ஏற ஏறக் கால் பஞ்சாகிறது! யானை பலம் வந்துவிட்டதென்று மேலே நின்று மீசையை முறுக்கினால், கீழே துடைப்பத்தோடு சித்தி, பயில்வானே, பலம் ஏறல, மணல்தான் இறங்கிருக்கு, திரும்பிப் பாருங்க என்கிறாள். படி முழுக்கக் கடற்கரை!

விடுவேனா? இரட்டைத் தையல் போட்டு மறுபடி தொடங்கினேன். நேற்று, பை நிறைய மணலோடு, கைப்பிடியைத் தொடாமல், எங்கும் உட்காராமல் கடை வரை ஏறிவிட்டேனடி! மெஷின் உறையை எடுத்து முதல் வேலையாக என் கால்சட்டையைத்தான் மடியில் போட்டேன். கால் மெலிந்தபோது தொடையில் உள்ளே பிடித்த தையல் இப்போது இறுக்குகிறது, உட்கார்ந்து அதைப் பிரித்தேன். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலிக்கு ஐந்தாவது காலாகிவிடாதே, எழுந்து நட.

நீண்ட ஆயுளும் உறுதியான கால்களும் உனக்கு வாய்க்கட்டும். வரும்போது படியில் என் கையைப் பிடிக்கக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். பிரித்த நூலை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன், கடை விற்பனைக்கு இல்லை.

மாடியிலிருந்து,
உன் சித்தப்பா