அப்பாவின் வயிற்றில் போட்ட ஊதாக் கோடு

ரெம்பியா,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் பமேலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நானும் அழுதுவிடுவேன். அதனால் தாளில் எழுதி, இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி பக்கத்து வீட்டு ஷாந்தினியிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

அப்பாவுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் இப்படி ஆடிப்போகவில்லை பம்மி. அன்றைக்கு அழுதேன், என்னையே திட்டிக்கொண்டேன். கொல்லையில் காய்த்த சிவப்பு டிராகன் பழத்தைத் தினமும் வெட்டிக் கொடுத்தவள் நான்தானே. மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று அவர் சொன்னபோது, அந்தப் பழம் தின்றால் யாருக்கும் அப்படித்தான் போகும், இது தெரியாதா என்று சிரித்தவளும் நான்தான். நான்கு மாதம் பழத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். காய்ப்பு ஓய்ந்து, வீட்டில் ஒரு பழம்கூட இல்லாத வாரத்திலும் சிவப்பாகப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனோம்.

இப்போது நடந்ததைக் கேள். அவருக்கு மொத்தம் இருபது நாள் ரேடியேஷன், சனி ஞாயிறு கிடையாது. நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கப் போவதால் கூடப் போக முடியவில்லை, தானே மோட்டாரில் மலாக்காவுக்குப் போய் வந்துவிடுகிறேன் என்றார். கதிர் தினமும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று அடிவயிற்றிலும் இடுப்பின் இரண்டு பக்கமும் ஊதா மையில் கோடு போட்டுவிட்டிருந்தார்கள். சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது, மங்கினால் அங்கேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். நேற்று அவர் கைலி மாற்றும்போது பார்க்கிறேன், கோட்டைத் தேட வேண்டியிருந்தது. கேட்டதற்கு, "வேர்வையில போயிருக்கும்லா, இதுக்குப் போயி கத்துறியே" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். எட்டு நாள் ஒழுங்காக வந்தவர் இந்த வாரம் நான்கு நாளாக வரவில்லை, அவர் நம்பருக்கு அடித்தால் எடுப்பதே இல்லை, நல்லவேளை நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று அந்த நர்ஸ் சொன்னாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தினமும் விடிந்ததும் ஜெபம் சொல்லி, நான் கட்டிக் கொடுத்த தோசையை வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனுஷன் எங்கேதான் போனார்?

அதை அவரே சொன்னார், கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. டவுனில் ஒரு கடை மாடியில் பெரிய பலூன் மாதிரி ஒரு பை வைத்திருக்கிறார்களாம், உள்ளே படுக்க வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் காற்று அடிப்பார்களாம். முழங்கால் வலிக்காரர்களும் முகம் பளபளக்க வேண்டும் என்கிறவர்களும் போகிற இடம். ஆக்சிஜன் ஏற்றினால் ரேடியேஷன் நன்றாக வேலை செய்யுமாம் என்று எங்கேயோ படித்து நீ அவர் போனுக்குச் செய்தி அனுப்பினாயே, அதைப் பிடித்துக்கொண்டார். "பம்மி சொன்ன ஆக்சிஜன்தான்லா இது. பத்து நாளு இதுல படுத்துட்டு அப்புறம் ரேடியேஷன் போனா ரெண்டும் சேந்து நல்லாப் பிடிக்கும். இங்க உள்ள டாக்டருக்கு இதெல்லாம் எங்க தெரியுது? நம்ம புள்ள அயர்லாந்து ஆஸ்பத்திரில இருக்கா" என்றார். நீ அங்கே ஃபைல் அடுக்கும் பிரிவில் இருக்கிறாய் என்று சொன்னேன், முறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோயிலில் எல்லாரிடமும் உன்னைப் பாதி டாக்டராக்கி வைத்திருக்கிறார், அது உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் கேட்டுச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

இன்று காலை கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கோபப்படாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. உங்கள் மகள் படித்தது பொய் இல்லை என்றார். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் கதிர் சரியாக வேலை செய்யாது, அதனால் அந்தக் காலத்தில் நோயாளிகளை அழுத்தம் ஏற்றிய இரும்பு அறையில் வைத்துக் கதிர் கொடுத்துப் பார்த்தார்களாம், ஆனால் மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு அதனால் தெளிவான பலன் தெரியவில்லையாம். ரேடியேஷன் முடிந்து பல மாதமோ வருஷமோ கழித்துச் சிலருக்கு மூத்திரப்பையில் ரத்தம் கசியும், அதற்குத்தான் இப்போது அந்த அறையில் வைப்பார்களாம், அதுவும் டாக்டர் பார்வையில். கடை மாடிப் பை அது இல்லவே இல்லையாம். நடுவில் விட்ட ஒவ்வொரு நாளும் கட்டிக்கு லாபம், இன்றோடு ஐந்து நாள் போய்விட்டது, திங்கட்கிழமை வந்தால் சரிக்கட்டப் பார்க்கிறேன், அதற்கு மேல் தள்ளினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பி வந்த வழி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை மகளே. நான் பழம் என்று சொன்னேன், நீ ஆக்சிஜன் என்று சொன்னாய், இரண்டும் அவர்மேல் உள்ள ஆசையில் சொன்னதுதான். ஆனால் நான் சொல்லி அவர் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் நான்கு மணிக்கு, அங்கே உனக்குக் காலையாக இருக்கும், அப்பாவுக்குப் போன் பண்ணு. சுற்றி வளைக்காதே. நான் டாக்டர் இல்லை அப்பா, டாக்டர் எழுதியதை எடுத்து அடுக்கி வைக்கிறவள், எனக்குத் தெரியாது என்று சொல். அவருக்கு வலிக்கும். உனக்கும் வலிக்கும். பரவாயில்லை, சொல்லிவிடு.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ அனுப்பிய அந்தச் செய்தியை அப்பா கடையில் பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று நீ அடுத்ததாக அனுப்பியது அதில் இல்லை. நேற்று அதைக் கிழிக்கப் பார்த்தேன், பிளாஸ்டிக், கிழியவில்லை. அதனால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதை எடுக்க உன்னால்தான் முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவமலர்