கண்டக்டர் தாத்தாவின் மணிக்கயிறு

மார்ச் 4, செவ்வாய்

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். இன்று நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன். தப்புதானா என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கம்போல அம்மா வேலை செய்கிற குடியிருப்புக்குப் போனேன். வயதானவர்களுக்கான வீடுகள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு சாவி. உதவி கேட்டால் அம்மா போவாள். முதியோர் இல்லம் என்று யாராவது சொன்னால் அங்கே எல்லோருக்கும் கோபம் வரும். குளியலறைகளில் ஒரு கயிறு தொங்கும். விழுந்துவிட்டால் அதை இழுக்க வேண்டும், அம்மாவிடம் மணி அடிக்கும்.

ஆய்வுக்கு வந்திருந்த ஒரு அம்மா வரவேற்பறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். “இங்க மணி ரொம்ப அடிக்குமாம்மா?” என்று சும்மாதான் கேட்டார். கண்டக்டர் தாத்தா வீட்டுக் கயிற்றை அம்மா மேலே கட்டிவிட்டாள், இப்போதெல்லாம் அடிப்பதில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 5, புதன்

மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். “உன் படிப்பப் பாரு” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

விசாரணை முடிகிறவரை அம்மா வேலைக்கு வரக்கூடாதாம். பிறகும் கூப்பிடுவார்களா? என்னால். என்னாலதான்.

கண்டக்டர் தாத்தா பஸ்ஸில் வேலை பார்த்தவர். கயிற்றைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு தடவை இழுத்தால் வண்டி கிளம்ப வேண்டும். அம்மா மாடி ஏறி ஓடிப்போய் நின்றால், “டிரைவர் தூங்கிட்டாரோன்னு பாத்தேன்மா” என்பார். சாயங்காலத்தில் மொத்தக் கட்டிடத்துக்கும் அம்மா ஒருத்திதான். ஒருநாள் அவரிடம் ஓடிய நேரத்தில் இன்னொரு வீட்டுப் பாட்டி மாத்திரை இல்லாமல் காத்திருந்தாராம். “ஏதாவது பண்ணும்மா, சும்மா சும்மா மணி அடிக்கக்கூடாது” என்று மேனேஜர் சத்தம் போட்டார். அதன் பிறகுதான் அம்மா கயிற்றைச் சுருட்டிக் குழாயில் கட்டினாள்.

“இப்ப, ‘நான் எப்ப கட்டச் சொன்னேன்’ங்கறாரு” என்றாள் அம்மா. அப்புறம், “கூட இருந்தே குழி பறிச்சிட்டா” என்றாள். கூட்டிப் பெருக்குகிற அக்காவைச் சொல்கிறாள். அவள்தான் போட்டுக் கொடுத்தாள் என்று நினைக்கிறாள்.

அக்கா இல்லை, நான்தான் என்று சொல்லாமலே தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 8, சனி

இன்று எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தேன். விழுந்தவர் மாதிரி, ஒரு காலை மடக்கி. கையை எவ்வளவு நீட்டினாலும் வாளி விளிம்பு வரைதான் எட்டியது. தாத்தா வீட்டில் அம்மா கட்டிய கயிறு என் தலைக்கும் மேலே இருந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே.

முதுகெல்லாம் ஈரம். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

“உள்ளயே குடியிருக்கப் போறியாடி?” என்று அம்மா கதவைத் தட்டினாள்.

தாத்தாவுக்கு வெந்நீர் ஊற்றும்போது தன் முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள் அம்மா. அதே அம்மாவா அப்படிக் கட்டினாள்? கெட்டவள் இல்லையே. அப்படியானால் நான் சொன்னது நல்லதா? நல்லது என்றால் அதை ஏன் அம்மாவிடம் மறைக்கிறேன்?

மார்ச் 11, செவ்வாய்

பெருக்குகிற அக்கா எங்கள் வீட்டுக்கே வந்தாள். அம்மா உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா படி இறங்கியதும் நான் பின்னால் ஓடினேன்.

“அன்னைக்கு நீ அந்தம்மாகூடப் பேசிட்டு இருந்தத நான் பாத்தேன்” என்றாள்.

“அப்ப ஏன்கா அம்மாகிட்ட சொல்லல?”

“திட்டு வாங்கித் திட்டு வாங்கி எனக்குத் தோல் தடிச்சுப் போச்சு. உனக்கு?”

“அம்மா கட்டினது தப்பாக்கா?”

“தப்புதான். தினமும் அந்தக் குழாயத் தொடச்சவ நான். நான் மட்டும் என்ன பண்ணேன்?” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். “போ, போ. உங்கம்மாகிட்ட ரெண்டு பேரும் மாட்டிக்க வேண்டாம்.”

மார்ச் 12

சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை முடிந்துவிட்டது. மேனேஜர் சத்தம் போட்டதை இரண்டு பேர் சொன்னார்களாம். அம்மாவை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். எல்லா வீட்டிலும் கயிறு தரை வரை தொங்க வேண்டுமாம். சாயங்காலத்துக்கு இனிமேல் இரண்டு பேர்.

நல்ல செய்திதான். ஆனால் அம்மா துணி மடித்துக்கொண்டே, “போனாலும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள்.

“அக்கா இல்லம்மா. நான்தான் சொன்னேன்.”

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். “என்னன்னு சொன்ன? அப்படியே சொல்லு.”

“எங்கம்மா பெரிய கெட்டிக்காரி, தாத்தா கைக்கு எட்டாம கட்டிட்டாங்கன்னு...”

அம்மா சிரித்தாள். சத்தமாக. சிரித்துக்கொண்டே கையிலிருந்த துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறமும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை.

துண்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து அக்கா நம்பரைப் போட்டாள். “யாரு? நீங்களா? சொல்லுங்க...” என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள் அக்கா. “நான் உன்னப் போயி...” என்று ஆரம்பித்த அம்மா, “நீயே சொல்லு” என்று போனை என்னிடம் நீட்டினாள்.