வலது பக்கத்து ஜன்னல்

நவம்பர் 9

தொப்பி தைப்பவள் பெற்ற பிள்ளைக்குத் தொப்பி நிற்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல?

பிள்ளை எல்டியாருக்கு வெள்ளைக் கம்பளித் துணியில் குட்டிக் கல்பாக் தொப்பி ஒன்று தைத்தேன். வைத்தால் ஒரு பக்கமாகச் சரிகிறது. என் தையல்தான் கோணல் என்று பிரித்து மறுபடி தைத்தேன். அதே பக்கம் சரிந்தது. அப்புறம்தான் தொப்பியை விட்டுவிட்டுத் தலையைப் பார்த்தேன். பின்மண்டையில் வலது பக்கம் மட்டும் உள்ளங்கையால் அமுக்கின மாவு மாதிரி தட்டையாக இருக்கிறது. வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது.

மூன்று மாதமாக முத்தம் கொடுக்கிற தலை. எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

நவம்பர் 10

நாத்தனார் புருல் அக்காவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இந்த நாரின் ஊர்ல எவனுக்குடி உருண்டைத் தலை இருக்கு? பேஷிக் தொட்டில்ல கிடந்த தலை எல்லாம் தட்டைதான். உன் புருஷன் தலையை நீ தடவிப் பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். மிர்லானின் பின்மண்டை சுவர் மாதிரி. கையையும் காலையும் கட்டி மல்லாக்கக் கிடத்துகிற அந்த மரத்தொட்டிலில் அக்கா படுத்தார், அவர் தம்பி படுத்தார், இப்போது என் பிள்ளை படுக்கிறான். ஆனால் அவர்கள் தலை நேர்த் தட்டை. இது சாய்ந்த தட்டை. ஏன்?

நவம்பர் 16

சந்தையில் தொப்பிக்குக் கம்பளித் துணி வாங்கப் போனவள் ஆட்களின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உருளைக்கிழங்கு விற்கிறவர் திரும்பி, "என்னம்மா, தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாமே நேர்த் தட்டை. என் தையல் மேஜையில் தொப்பி மாட்டுகிற மர அச்சும் நேர்த் தட்டை. தொட்டில் ஒன்றுதான் காரணம் என்றால் எல்டியாருக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? வேறு ஏதோ இருக்கிறது.

நவம்பர் 19

மிர்லான் நோவோசிபிர்ஸ்கிலிருந்து வீடியோவில் வந்தார். அங்கே கட்டட வேலை, முகமெல்லாம் சிமெண்ட். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஜன்னல் மேடை. போனை அங்கே சாய்த்து வைத்துவிட்டு, தொப்பிக்குள் ஒரு பக்கம் துணியை மடித்து வைத்து எல்டியாருக்குப் போட்டேன்.

"அடடா, என்ன அழகா நிக்குது தொப்பி!" என்றார்.

ஆமாம், என்றேன்.

நவம்பர் 24

தொட்டிலை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்திலேயே கெட்டியான மெத்தையைத் தரையில் விரித்துப் படுக்க வைத்தேன். கட்டு இல்லாத கை இரண்டும் காற்றில் ஆடுகின்றன. தன் கை மூஞ்சியில் பட்டுத் தானே எழுந்து அழுகிறான்.

"நாங்க எல்லாம் அதுல கிடந்தோமே, எங்களுக்கு என்னடி குறைஞ்சு போச்சு? பெரிய விஞ்ஞானி வந்துட்டா!" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினார். கத்தட்டும்.

டிசம்பர் 2

தொட்டிலை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இப்போதும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிறான்! விரலால் கன்னத்தைத் தொட்டு இடது பக்கம் திருப்பினால், விட்டவுடன் திரும்பிவிடுகிறான். கட்டு இல்லை, கயிறு இல்லை, யார் இவனை அந்தப் பக்கம் இழுப்பது?

பயமா இருக்கு. மூளையில ஏதாவதா? நான் மாசமா இருந்தப்போ ஏதாவது பண்ணினேனா? தலை இப்படியே இறுகிப் போச்சுன்னா என்ன செய்வேன்?

டிசம்பர் 4

டாக்டர் டமிராவிடம் கொண்டு போனேன். மண்டையைத் தடவிப் பார்த்தார். கிலுகிலுப்பையை ஆட்டி இரண்டு பக்கமும் கொண்டு போனார். வலது பக்கம் போனால் எல்டியார் தோள் வரை திரும்புகிறான். இடது பக்கம் பாதியில் நின்று சிணுங்குகிறான்.

மூளைக்கு ஒன்றுமில்லையாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் ஒரு தசை இறுகியிருக்கிறதாம். ஒரே பக்கம் கிடந்து கிடந்து மண்டையும் தட்டையாகிவிட்டதாம்.

"தூங்கறது மல்லாக்கத்தான். அதை மாத்தாதீங்க. தலையணை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தலையை வேற பக்கம் திருப்பி விடுங்க. முழிச்சிருக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து குப்புறப் போடுங்க. தொட்டில்ல மணிக்கணக்கா கட்டிப் போடாதீங்க."

கழுத்துக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்.

"முழுசா நேராயிடுமா டாக்டர்?"

"நிறைய மாறும். ஆனா சின்ன வயசுல செஞ்சாதான் மாறும். முழுசா ஆகும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்." கிளம்பும்போது கேட்டார்: "அது சரி, வலது பக்கம் அப்படி என்ன இருக்கு உங்க வீட்ல?"

"வீடுதான் இருக்கு" என்றேன். சிரித்தார். அந்தக் கேள்வி பேருந்திலும் என் கூடவே வந்தது.

டிசம்பர் 5

இன்று அவனைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு அவன் மெத்தையில் நான் படுத்தேன். அவன் தலை இருக்கிற இடத்தில் என் தலை.

"சுத்தமா கழண்டு போச்சா உனக்கு?" என்றார் அக்கா.

இடது பக்கம் சுவர். அதில் தொங்குகிற கம்பளம், இவ்வளவு கிட்டத்தில் வெறும் இருட்டு. வலது பக்கம் ஜன்னல், வெளிச்சம், அடுப்பு, வாசல், வருகிறவர் போகிறவர். தொட்டில் இருந்தபோது, எங்கள் வழக்கப்படி கட்டை அவிழ்க்காமல், தொட்டிலின் மேல் சட்டத்தில் சாய்ந்துதான் பால் கொடுத்தேன். இடது பக்கம் சுவர் இருக்க, வேறு எந்தப் பக்கத்திலிருந்து சாய்வேன்? பாலும் வலதிலிருந்துதான். ஜன்னல் மேடையில் போன். அப்பா குரலும் வலதிலிருந்துதான்.

தொட்டிலை எடுத்த புத்திசாலி மெத்தையையும் அதே இடத்தில் போட்டிருக்கிறேன்! இவனுக்கு வேண்டியது எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இவன் ஏன் மறுபக்கம் திரும்புவான்? நானாக இருந்தால் திரும்ப மாட்டேன். படுத்தபடியே சிரித்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 6

மெத்தையில் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா வந்து பார்த்தார்.

"விருந்தாளி உட்கார்ற மேலிடத்தைப் பார்த்துக் கால் நீட்டறதா? நம்ம வீட்ல எவனாவது அப்படிப் படுத்திருக்கானா?"

"நாலு மாசம்கூட ஆகலை அக்கா. இவன் கால்ல என்ன அவமரியாதை இருக்கு?"

"பிள்ளை கால்ல இல்லடி, உன் வாய்ல இருக்கு!"

பேச்சு நின்றுவிட்டது. ரொட்டியைக்கூட என் பக்கம் தள்ளாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்.

டிசம்பர் 8

மெத்தையை அறை நடுவில் போட்டுவிட்டேன். தலை பழையபடி மேலிடத்துப் பக்கம். ஆனால் இரண்டு பக்கமும் திறப்பு. இனி இடது பக்கத்திலும் நான் உட்காரலாம். டீ கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி சுற்றிக்கொண்டு போகும்போது விறகுக் கூடையில் இடித்துக்கொண்டாள். "சந்து மாதிரி ஆயிடுச்சே உங்க வீடு" என்றாள்.

டிசம்பர் 14

இதை எழுதாமல் தூங்க முடியாது.

அக்காவுக்கு இன்னும் கோபம். என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மெத்தையைத் தாண்டிச் சுவரோரம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பளி நூற்றார். தலை ஆடும்போதெல்லாம் காதில் தொங்குகிற பெரிய வெள்ளித் தோடு கிணிகிணி என்றது. எல்டியார் கண்ணை உருட்டினான். பிறகு கழுத்து. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பாதியைத் தாண்டி இடது பக்கம்!

மூச்சு விடாமல் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "அக்கா, நாளைக்கும் என்மேல கோபமா இருங்க. அதே இடத்துல உட்காருங்க."

"என்னடி உளர்றே?" என்று திரும்பினார். பிள்ளை தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.  தோட்டை வேண்டுமென்றே ஆட்டினார்.

டிசம்பர் 27

குப்புறப் போட்டால் ஊரே கேட்க அலறுகிறான். "பிள்ளையைத் தவளை ஆக்கறா" என்கிறார் அக்கா. ஆனால் தானும் எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டு தோட்டை ஆட்டுகிறார்.

ஜனவரி 11

தொப்பி இல்லாமல் மிர்லானுக்குக் காட்டிவிட்டேன். ஒளித்தது போதும்.

முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார் அவர். "இத்தனை நாள் ஏன் சொல்லலை சயரா?" என்றார். "தூரத்துல தனியா கிடக்கறீங்க, எப்படிச் சொல்ல?" என்றேன். "தூரத்துல இருக்கறவன்னா அப்பன் இல்லையா?" என்றார். சுருக்கென்றது.

"வலிக்குதா அவனுக்கு?"

"இல்லை."

"நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

போனைச் சுவர்ப் பக்கம் கொண்டு போனேன். சிக்னல் போய்விட்டது.

பிப்ரவரி 15

தலையை உயரத் தூக்குகிறான். தவழப் பார்க்கிறான், பின்னால்தான் போகிறான். டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "இப்போ சொல்லுங்க, இடது பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார். "நாத்தனார் இருக்காங்க" என்றேன்.

தட்டை குறைந்திருக்கிறது, போகவில்லை. காது கிட்டத்தட்ட நேராகிவிட்டது.

மார்ச் 20

நாளை நோரூஸ், எங்கள் வசந்தப் பண்டிகை. மிர்லான் சொல்லாமல் கொள்ளாமல் இன்று மத்தியானமே வந்துவிட்டார்.

அப்போது அக்கா பக்கத்தில் இருக்க, நான் எல்டியாருக்குத் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த துணி இல்லாமல் நிற்கிறது. லேசாகச் சரிகிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பையன் என் மடியில் என்னைப் பார்த்தபடி, ஜன்னலுக்கு வலது தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வாசலில் பூட்ஸை உதறிய மிர்லான் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பூனை மாதிரி பிள்ளைக்குப் பின்னால் சுற்றிப் போய், அவனுக்கு இடது பக்கம் சுவரோரம், அக்கா வழக்கமாக உட்காருகிற இடத்தில் மண்டியிட்டார்.

"எல்டியார்" என்றார்.

பிள்ளை சட்டென்று ஜன்னலைப் பார்த்தான். இவனுக்கு அப்பா குடியிருப்பது அங்கேதான். மேடையில் போன் இல்லை. யாரும் இல்லை.

"டேய், எல்டியார். இங்கடா."

அவன் திரும்பினான். ஜன்னலிலிருந்து என் மார்புக்கு, மார்பிலிருந்து சுவருக்கு. பாதியில் நிற்கவில்லை, சிணுங்கவில்லை. தாடை தோளைத் தொடுகிற வரை திரும்பி, அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அக்கா என் கையை வலிக்க வலிக்கக் கிள்ளினார்.