புறவழிச் சாலையில் வைக்காமல் விட்ட குழாய்

8-11-1982, திங்கள், இரவு

மழை விடவில்லை. புறவழிச் சாலைக்காகக் கொட்டிய மண்மேடு தண்ணீரை மறித்து, பக்கத்து வீட்டுக் கோவிந்தனின் சம்பா நடவு மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் அளக்க வந்தவர்கள் வறண்ட வாய்க்காலை வண்டிப்பாதை என்று எழுதிவிட்டார்கள். அதனால் அங்கே சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய் வைக்கவில்லை. அந்தத் தாளைப் படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், ஓய்வு பெற்ற வாத்தியாரான நான்.

சாயங்காலம் கோவிந்தன் வந்தான். "சார், விடிஞ்சதும் ரோட்ட வெட்டப் போறேன்."

"போலீஸ் பிடிக்கும்ப்பா. நான் ஆபீஸ்ல எடுத்துச் சொல்றேன்."

"நீங்க உதாரணம் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள பயிரு அழுகிப் போயிடும் சார்."

அவன் போனதும் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

வெட்டச் சொன்னது நான்தான் என்று சாலை அதிகாரிக்கு எழுதி வைத்திருக்கிறேன். பென்ஷன் என்ன ஆகுமோ. அவன் மண்வெட்டியை ஓங்குமுன் நான் அங்கே நிற்க வேண்டும்.