அப்பா மருந்தடித்த வண்டுகள்

பிரியமான அப்பாவுக்கு,

ஐப்பசி இருபத்திரண்டு, சனிக்கிழமை, காலை ஏழே கால். நம் குளத்துத் தென்கரையில் பதினெட்டு வண்டு. ஒவ்வொரு இலையாகத் திருப்பி எண்ணியதில் இடுப்பு விட்டுப்போயிற்று.

போன வருடம், ஆகாயத்தாமரையைத் தின்னட்டும் என்று நான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து விட்ட கூட்டத்தில் மிஞ்சிய வம்சம் இது. மற்றதையெல்லாம் நீங்கள் ஒரே காலையில் மருந்தடித்துக் கொன்றீர்கள். தென்கரைக்கு வருமுன் மருந்து தீர்ந்துபோனதா, கை ஓய்ந்துபோனதா? நான் கேட்கவில்லை. "உங்களோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல" என்று தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பதாம் நாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று அம்மா போனில் அழுதாள்.

குளம் இன்னும் பச்சையாக மூடித்தான் கிடக்கிறது. மடைவாயை அடைத்துக்கொண்டு தண்ணீரை நூல் மாதிரி விடுகிறது. பொக்லைன் வைத்து இரண்டு தடவை வாரினார்கள். ஒரு மழைக்கு மறுபடி மூடிக்கொண்டது. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் ஆகாயத்தாமரை கடலுக்கே போய் வலைகளில் சிக்குகிறது. "வண்டு விட்டியே, என்னலே கிழிச்சுது?" என்று துறைமுகத்துப் பக்கத்து மீன்காரர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்று பக்கத்துத் தோட்டத்துச் செல்லத்துரை அண்ணாச்சி கரையேறி வந்தார். இலையில் மூக்கு நீண்ட வண்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏலே, இது கூன்வண்டுல்லா? வாழைத்தண்டைத் தொளைச்சு என்னைய நடுத்தெருவுல விட்ட பய!"

"அது வேற, அண்ணாச்சி. இது வாழையைத் தொடாது."

"நீ சொல்லுத. வண்டு சொல்லிச்சா? நாளைக்கு எல்லாரும் கூடுதோம். மருந்தடிக்கணும்னுதான் பேச்சு. உங்கப்பா செஞ்சதுதான் சரின்னு சொல்லுதாங்க."

"பூச்சியியல் படிச்சது நீங்களா, நானா?" என்று அண்ணாச்சியிடம் கேட்க வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். நீங்களும் இதையேதானே கேட்டீர்கள்? "ஏலே, நம்ம வாழைக்கு வராதுன்னு எப்படிலே நம்பச் சொல்லுத?" நான் உங்கள் போனுக்கு ஒரு ஆய்வறிக்கையை அனுப்பினேன். ஆங்கிலத்தில். நாற்பது பக்கம்.

அதற்கு முந்தைய வருடம்தான் கூன்வண்டு உங்கள் வாழையைச் சாய்த்திருந்தது. அதே மாதிரி மூக்குள்ள வண்டை மகனே டப்பா டப்பாவாகக் குளத்தில் கொட்டினால், ஒரு விவசாயி வேறென்ன செய்வார்?

நாளை அடித்தால் இந்தப் பதினெட்டும் முடிந்தது. ஆய்வகத்தில் இனி வண்டு தரமாட்டார்கள். மறுபடி தொடங்க எனக்கும் தெம்பில்லை, அப்பா. பிழைத்தாலும் குளம் தெளிய வருடக்கணக்காகும். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செய்யப்போவதாக உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன்:

1. இன்றே இரண்டு பாட்டில், மும்மூன்று வண்டு. ஒன்றில் ஆகாயத்தாமரை இலை, மற்றதில் நம் தோட்டத்து வாழைத்தண்டு.

2. இரண்டையும் அண்ணாச்சி வீட்டிலேயே வைப்பது. எதைத் தின்கிறது, எதைத் தொடவில்லை என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

3. நாளைக் கூட்டத்தில் பத்து நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்பது. கத்தாமல்.

4. "எங்கப்பா பயந்துபோய் மருந்தடிச்சாரு. அவரு கேட்டப்ப நான் ஒழுங்கா பதில் சொல்லல" என்று எல்லார் முன்னாலும் சொல்வது. கூட்டத்தில் முதலில் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் மூத்த மகன்