கிரேத்தா இல்லாத ஞாயிறு

சைக்கிள் இருக்கைக்குக் கீழே தொங்கும் சின்னப் பையை, நீ போன பிறகு முதல் தடவையாக, இன்று காலை திறந்தேன். ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்ததும் தைல வாடை மூக்கில் ஏறியது. குப்பியின் மூடி எப்போதோ தளர்ந்து, என் கையுறைகள் இரண்டும் அதில் ஊறிக் காய்ந்து விறைத்துக் கிடந்தன. உன் முதுகில் நான் தேய்த்த தைலம். டத்தோ கிராமாட்டில் என் வீட்டு வாசலில் அந்தக் கையுறைகளோடு நின்றேன், சைக்கிளை எடுப்பதா, உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதா என்று தெரியாமல். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வருடமாகக் கேட்க வேண்டியதுதான்.

உன்னை முதலில் பார்த்தது ஜுருவில், நீ கார் விற்ற கடையில். துறைமுக அலுவலகத்துக்குப் போய்வர ஒரு பழைய கார் தேடி வந்தேன். எவ்வளவு சாமான் கொள்ளும் என்று காட்டுவதற்காகப் பின்கதவைத் திறந்தாய். உள்ளே முன்சக்கரம் கழற்றிய சைக்கிள் ஒன்று படுத்திருந்தது. "இது விக்கிறதுக்கு இல்ல" என்றாய். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஓட்டத் தெரியுமா?" என்றாய். காரை அன்றே வாங்கினேன், சைக்கிளை அடுத்த வாரம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, உனக்கும் அதேதான். இரண்டு பொம்பளைகள் இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமுமாக ஞாயிறு விடியலில் கிளம்பினால் பக்கத்து வீட்டு அக்கா திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். நீ அவளுக்குக் கைகாட்டிவிட்டுத்தான் கிளம்புவாய்.

எப்போதும் நான் முன்னால், நீ பின்னால். தெலுக் பஹாங் மேட்டைத் தாண்டி பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் பின்னால் வண்டி வந்தால் "கிரேத்தா" என்று குரல் கொடுப்பாய். ஊரே கார் என்று சொன்னாலும் உனக்கு அது கிரேத்தாதான். நான் ஓரம் ஒதுங்குவேன். பத்து வருடத்தில் ஒருமுறைகூட நானாகத் திரும்பிப் பார்த்ததில்லை.

கார் விற்றே வாழ்ந்த நீதான், கார் இல்லாத சாலைக்கு ஏங்கியவளும். ஜெர்மனியில் மோசல் என்று ஓர் ஆறு இருக்கிறது, இரண்டு பக்கமும் மலை முழுக்கத் திராட்சை, வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு அந்த ஆற்றோரச் சாலையில் காரை விடவே மாட்டார்கள் என்று எங்கோ பார்த்துவிட்டாய். அதற்குப் பிறகு தேநீர் குடிக்கும்போதெல்லாம் அதே பேச்சு. "ரோடு முழுக்க நீ வித்த கிரேத்தாதான் ஓடுது. இப்ப காலி ரோடு வேணுமா உனக்கு?" என்று கிண்டல் செய்வேன். "அதனாலதான்லா. எனக்குத் தெரியும் எத்தனைன்னு" என்பாய். எந்தப் பேச்சின் வாலிலும் உனக்கு ஒரு 'லா' வேண்டும், 'போ' என்பதுகூட 'போலா'தான்.

போனோம். உன் ஆசைக்கு நான் துணைக்குப் போனேன், அவ்வளவுதான். வாடகைச் சைக்கிள்களில் ஏறிய முதல் பத்து நிமிடம் பழக்கத்தில் சாலையின் இடதுபக்கமே ஓட்டினோம். எதிரே வந்த கூட்டமெல்லாம் மணியடித்தது. ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டி ஏசினார். "கிரேத்தா இல்லாத ரோட்டுலயும் நமக்கு ஏச்சுதான்" என்று நீ சிரித்தாய். வலப்பக்கம் மாறினோம். திராட்சைக் கொடிகள் செங்குத்தான சரிவில் வரிசை வரிசையாக ஏறிப்போயின. அங்கே எப்படி ஆள் நின்று வேலை செய்கிறான் என்று புரியவில்லை. பழம் இன்னும் வரவில்லை, மிளகு அளவில் பச்சைக் கொத்துகள்தான். ஆறு ஒரு பக்கம், ரயில் தண்டவாளம் இன்னொரு பக்கம், நடுவில் அவ்வளவு அகலச் சாலை. குழந்தைகள் நடுச்சாலையில் உட்கார்ந்து விளையாடின. பின்னாலிருந்து நீ, "வாய் சும்மா இருக்குலா, என்னமோ மாதிரி இருக்கு" என்றாய்.

ஒரு மணி நேரம் ஓட்டியிருப்போம். ஒரு சின்ன ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டாய்.

"முதுகு பிடிச்சிருக்கு. கொஞ்சம் தைலம் தேய். நீ போ, நான் ட்ரெயின்ல வரேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். "பத்து வருஷமா இதையே பேசிப் பேசி என் காதுல ரத்தம் வராத குறை. இங்க வந்து முதுகா?" என்றேன். ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வாடகைச் சைக்கிளில் மாட்டியிருந்த என் பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்த்தேன், அதுவும் கடனே என்று. "ட்ரெயினும் ஆத்தோரமாவே போகுது. நல்லாத்தான் இருக்கும். போலா" என்றாய். போய்விட்டேன். நிலையத்துப் படிகளில் உன் சைக்கிளைத் தூக்கிவிடக்கூட நிற்கவில்லை. யாரோ ஒருவர் தூக்கிக் கொடுத்தார் என்று பிறகு சொன்னாய்.

கொஞ்ச தூரம் கோபத்திலேயே மிதித்தேன். பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. காற்று முதுகில் தள்ளியது. சாலை வளைந்தது, ஆறும் கூடவே வளைந்தது. என் முன்னாலும் பின்னாலும் எனக்கு ஆபத்து என்று ஒன்றுமே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன். விழவில்லை. சத்தமாகச் சிரித்தேன். ஒரு ரயில் கடந்து போனது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கல்யாண நாளைவிட, பிள்ளை பிறந்த நாளைவிட, அன்றுதான் நான் அதிகம் சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் கடைசி நிலையத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "எப்படி இருந்துச்சு?" என்றாய். ஒரு மணி நேரம் நானே பேசினேன். உன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. விமானத்திலும் கேட்கவில்லை, ஊருக்கு வந்தும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வாங்கியவரிடம் கார் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே சரிந்துவிட்டாய். இதயம் என்றார்கள்.

பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமல் முதுகு வலித்தும் அது வரலாம் என்று சாவு வீட்டில் யாரோ பேசிக்கொண்டார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் எங்கள் கிளினிக் டாக்டரிடம், மோசல் என்றெல்லாம் சொல்லாமல், "ஒரு ஃப்ரெண்டுக்கு அஞ்சு மாசம் முன்னாடி முதுகு வலிச்சுச்சு" என்று ஆரம்பித்துக் கேட்டேன். அவர் கேட்டுவிட்டு, "இருக்கலாம் அக்கா. வெறும் முதுகு வலியாவும் இருக்கலாம். இப்ப எப்படிச் சொல்றது?" என்றார். அப்படியானால் நான் என்ன செய்வது? அது வெறும் பிடிப்பு என்றால் அந்த நாள் என்னுடையது. இதயம் என்றால், நீ வலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் கையை விட்டுச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டையும் மாறி மாறி நம்பிப் பார்த்துவிட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

போன மாதம் உன் மகள் வந்தாள். உன் போனில் இருந்ததாக ஒரு வீடியோவைக் காட்டினாள். "அம்மா ட்ரெயின்லேர்ந்து எடுத்திருக்காங்க ஆன்ட்டி. யாரோ சைக்கிள்ல போறாங்க. நீங்கதானா?" நான்தான். சாலையில் சின்னதாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு பைத்தியம் போய்க்கொண்டிருக்கிறது. மலை மறைக்கும்வரை நீ கேமராவை நகர்த்தவில்லை. ஜன்னல் கண்ணாடியில் உன் முகம் தெரிகிறது, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல். அடுத்த ஊரில் இறங்கி என்னோடு சேர்ந்துகொள்ள நினைத்தாயா, கழற்றக்கூடத் தெம்பில்லையா? வாய் விரிந்திருக்கிறது. அது சிரிப்பா, வலியில் பல்லைக் கடிக்கிறாயா? மகள் சிரிப்பு என்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தால் உன் முகத்தின்மேல் திராட்சைக் கொடிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் உன் குரல். யாரிடமும் இல்லை, கண்ணாடியிடம், மெதுவாக: "கிரேத்தா இல்ல. போலா, போ."

அதை எத்தனை தடவை கேட்டேனோ. வலியோடு சொன்னாயா, வலி இல்லாமல் சொன்னாயா என்று குரலிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்தும் நீ எனக்காகப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அது மட்டும் தெரிகிறது.

கையுறைகளைத் துவைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு இன்று பாலிக் புலாவ் போய்வந்தேன். கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகியது. உனக்குப் பதிலாக நான் கைகாட்டினேன். அந்த ஞாயிறை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் முதுகு வலியையும் அதிலிருந்து பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் என்னிடம் இருக்கின்றன. மேட்டு வளைவுகளில் பின்னால் குரல் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நானே திரும்பிப் பார்த்தேன். கிரேத்தா இல்லை. போனேன்.