அவன் கேட்டது

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தானின் முதுகுவலி தேவலையா? எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

மரச்சாமான் கடை வேலையை விட்டுவிட்டேன். அங்கே விலைபோகாமல் கிடந்த பியானோவில்தான், பில் போடாத நேரங்களில், நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அப்புறம் சாயங்காலங்களில் ஹோட்டல் வரவேற்பறையில் வாசித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அவ பாடணும்னா பாடட்டும், விடுங்கப்பா" என்று அன்றைக்கு எனக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்றவள் நீ. அதை நினைத்துத்தான் ஓட்டினேன்.

இப்போது நான் பாடும் அரங்குகளுக்குக் கூட்டம் வருகிறது அக்கா. நானே எழுதி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, என் அறையிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்ட ஒரு பாட்டுக்காக. உன் பிள்ளை, நம் பொடியனைப் பற்றிய பாட்டு. அவன் நம்மை விட்டுப் போன நாளிலிருந்து உள்ளேயே கிடந்தது, ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் உன்னிடம் கேட்டதை அப்படியே வைத்திருக்கிறேன். முதலிலேயே சொன்னால் உனக்கு ஆச்சரியம் இருக்காதே என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு எழுது.

உன் தங்கை


ஜூன் 19

என் செல்லத்துக்கு,

உன் கடிதம் வருமுன்பே கேட்டுவிட்டேன். பல் மருத்துவர் கிளினிக்கில் நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது, காத்திருந்த ஒரு பெண்ணின் போனில் ஓடியது. உன் குரல் என்று முதலில் சந்தோஷம்தான். அடுத்த வரியில் அது வந்தது. "அம்மா, நாளைக்கு வீட்டுக்குப் போலாமா?"

அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், உன் மடியில் படுத்துக்கொண்டு. அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பாட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். "நீ என்ன பதில் சொன்ன?" என்று கேட்டார். நான் குழம்பை எடுத்து ஊற்றினேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நன்றாகத்தான் பாடியிருக்கிறாய். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அதை மட்டும் இனிப் பாடாதே. உன்னிடம் வேறெதையும் நான் கேட்டதில்லை.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடாமல் எழுந்தேன். ஒருவரும் நாற்காலியை விட்டு நகரவில்லை. முன்வரிசையில் ஒருவர், மகளைப் பறிகொடுத்தவராம், "அதை ஒரு தடவை பாடும்மா" என்றார். உட்கார்ந்து பாடிவிட்டேன்.

என் மற்றப் பாட்டுகளுக்கு யாரும் வருவதில்லை. இதை விட்டால் மறுபடி ஹோட்டல் மூலைதான். என்னால் நிறுத்த முடியவில்லை. அவனை நானும்தானே தூக்கி வளர்த்தேன். திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஜூலை 15

தங்கைக்கு,

நீ தூக்கி வளர்த்ததை யார் இல்லை என்றார்கள்? பாடு. அந்தத் தகப்பனுக்கு ஆறுதலாக இருந்தால் இருக்கட்டும். எனக்குத்தான், அவன் கேட்டதை நினைத்தால் இப்போது உன் குரலில் கேட்கிறது. அவன் குரலைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அத்தானுக்கு அவனைப் பற்றித் தெரியாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் அறியாதது நிறைய இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன். சாப்பிடு, தூங்கு, நாலு நாள் இருந்துவிட்டுப் போ. அவனைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்காதே.

அக்கா